எதுக்கும் இருக்கட்டும்

கொடியங்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன் சாமியைக் கும்பிட மறந்தாலும் மறப்பான், பெட்டியைத் திறந்து பார்க்க மறக்க மாட்டான். வாய்க்கால்பட்டிச் சந்தையில் கிளம்பி, எலுமிச்சைத் தோப்புகளைத் தாண்டி, தார் தீர்ந்து, அப்புறம் ஜல்லி தீர்ந்து, அப்புறம் மண்ணும் தீர்ந்து வெறும் பாறையும் பள்ளமுமாக ஏறுகிற அந்த மலைவழியில் ஒரு போல்ட் கழன்று விழுந்தால் எடுத்துக் கொடுக்கக் குரங்குதான் வரும், செல்போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சாமியாடினாலும் சிக்னல் கோடு ஒன்றுகூட நிற்காது. அதனால் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் பிளேட், கமான் பட்டை, கட்டுக்கம்பி, எம்சீல், ஜாக்கி, வடக்கயிறு, தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போடுவார்கள். போடும்போது அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோர் வாயிலிருந்தும் ஒரே பேச்சுத்தான் வரும். "எதுக்கும் இருக்கட்டும்."

சடையாண்டியும் அப்படித்தான் சொல்லிச் சொல்லிப் போட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

அவனுடைய பெட்டி ஜீப்பின் பின்பக்கத்து நீள சீட்டுக்கு அடியில் இருந்தது. அடிவாரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற ஷாகுல் பாய் பழைய டீசல் பேரலை வெட்டி, நிமிர்த்தி, வெல்டு வைத்துச் செய்து கொடுத்த பெட்டி. ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் பாய் ஒரு புது ஃபேன் பெல்ட்டை அதற்குள் எறிந்து, "எதுக்கும் இருக்கட்டும்டா சடையா" என்றார். அன்றைக்கே, யானைக்கல் வளைவில், முந்தின நாள்தான் மாட்டின பெல்ட் பட்டென்று அறுந்தது. அடுத்த நடைக்கு ரேடியேட்டர் ஹோஸ் வைத்தான், ஹோஸ் வெடித்தது. வண்டியைத் தாங்குகிற கமான் பட்டை வைத்தான், மெயின் பட்டை இரண்டாக உடைந்து வண்டி ஒருக்களித்து உட்கார்ந்தது. வைத்த சாமான் எல்லாம் வேலைக்கு ஆகிறதே, நமக்கு என்ன ஒரு முன்யோசனை என்று சடையாண்டி மீசையைத் தடவிக்கொண்டான், ஊரும் அவன் வண்டியை நம்பி ஏறியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி. ஏலக்காய்க் களத்தில் காய் பொறுக்குகிறவள், சொத்தையைக் கண்ணாலேயே கழித்துவிடுகிற கெட்டிக்காரி. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஏன் மாமா, உடையுறத நீ வைக்கிறியா, நீ வைக்கிறது உடையுதா?" என்று கேட்டாள்.

சடையாண்டி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டது என்று சொன்னால் அது பொய். கொடியங்காட்டு ஜனம் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் ஆச்சரியப்படாது, பரீட்சை பண்ணித்தான் பார்க்கும். மேலே மளிகைக் கடை வைத்திருக்கிற மாயக்கா, வாயும் பெரிது மனசும் பெரிது, "வண்டிச் சாமான்னா வண்டி ஓட்டத்துல உடையத்தான் செய்யும், இதுல என்ன அதிசயம்" என்று சொல்லித் தன் வீட்டு இட்லித் தட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பியது. பாதிவழியில் மரம் விழுந்து கிடந்தது, மரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு கிடந்தது, அவர்களிடம் ஒரு அண்டா மாவு இருந்தது, அடுப்புக்குக் கல் இருந்தது, விறகு இருந்தது, பெரிய கொப்பரைகூட இருந்தது, இட்லித் தட்டு மட்டும் இல்லை. மாப்பிள்ளைப் பையன் பசியில் அழுதுவிட்டான் என்று சடையாண்டி வந்து சொன்னான். மாயக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அது ஒன்றுதான் அந்த ஊரில் அதிசயமாகப் பேசப்பட்டது.

அதற்குப் பிறகு அவள் அதே தட்டை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். கடகடவென்று ஆடிக்கொண்டு போனது, ஆடிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். ஆக, ஒரு சாமானுக்கு ஒரு தேவைதான், அது தீர்ந்தால் அப்புறம் அது வெறும் சாமான் என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று. பெட்டிக்கு இந்தக் குணமா, அந்தப் பேச்சுக்கு இந்தக் குணமா என்பதில் மட்டும் ஊர் இரண்டாகப் பிரிந்து இன்றைக்கு வரைக்கும் சண்டை போடுகிறது.

ஜனம் அதோடு வாழப் பழகிக்கொண்டது. மழை பொய்த்த ஆவணியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குடையை வைத்தார்கள். மழை வந்தது, ஆனால் ஒரு குடைக்கு எவ்வளவு மழை வேண்டுமோ அவ்வளவு, வண்டிக்கு மேலே மட்டும் விடாமல் கொட்டி, சந்தையில் போய் நின்றபோது சடையாண்டி ஒருவன் மட்டும் சொட்டச் சொட்ட இறங்கி எல்லோரிடமும் கேலி வாங்கினான். மகளுக்கு வரன் அமையாமல் அலைந்த ஒருத்தர் பட்டுக்கரை வேட்டி ஒன்றை மடித்து வைத்தார். ஓடையில் குளிக்கப்போய் வேட்டியை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதருக்குள் உட்கார்ந்திருந்த பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வண்டியைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன் அந்த வீட்டு மருமகனாகவே ஆகிவிட்டான். இதையெல்லாம் பார்த்து, பெட்டி நல்ல பெட்டி என்று ஊர் சொல்லத் தொடங்கியது.

நல்ல பெட்டியாம்! அடிவாரத்து இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, மலைவழி வண்டிகளுக்கெல்லாம் முதலுதவிப் பெட்டி ஒன்று கொடுத்துப் போனார்கள். கொடுத்த பெண் சிரித்த முகமாக, "எதுக்கும் இருக்கட்டும் அண்ணா" என்றாள். சடையாண்டி பதறிப்போய் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சும் கட்டுத்துணியும் டிஞ்சரும் தீர்கிற வரைக்கும் அந்த வண்டியில் ஏறினவர்கள் யாரும் ரத்தம் பார்க்காமல் இறங்கவில்லை, கதவில் விரல் நசுங்கியது, பாறையில் மண்டை மோதியது, ஒன்றுமில்லை என்றால் பலாப்பழம் உருண்டு காலில் விழுந்தது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. பெட்டி தேவையைத்தான் கொண்டுவரும். தேவைக்குப் பிறகு என்ன ஆகும் என்பது பெட்டியின் கவலை இல்லை.

ஊர்கூடி, வண்டிப் பக்கத்தில் நின்று யாரும் அந்தப் பேச்சைப் பேசக் கூடாது என்று முடிவு பண்ணினார்கள். முடிவு பண்ணுவது சுலபம். தாய் மகனுக்குத் துண்டு கொடுக்கும்போது அந்தப் பேச்சு வரும், வீட்டுக்காரி தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கும்போது வரும், யாரையாவது பிடித்துப்போய்விட்டால் அந்தப் பேச்சுத்தான் முதலில் வரும், அதை எப்படி அடைப்பது? சொல்லவந்து பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு, "எதுக்கும்... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா கொண்டு போ" என்று தடுமாறுகிற ஜனத்தைப் பார்த்து ஷாகுல் பாய் சிரித்தார். பெட்டியைக் காலியாகவே ஓட்டிப் பார் என்று அவர்தான் யோசனை சொன்னார். அதுவும் நடந்தது. முழுக்கக் காலியாக்கிக் கொண்டுபோனான். வழியில் வனத்துறை வாட்சர் ஒருவர் இரண்டு கையிலும் ஒரு மலைப்பாம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அது அவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, "அண்ணே, காலிப் பெட்டி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சடையாண்டிக்கு எதுவும் தன் கையில் இல்லை என்பது தெரிந்துபோயிற்று. வைத்தாலும் தப்பு, வைக்காவிட்டாலும் தப்பு. இருந்தாலும் ஓட்டினான், வேறு என்ன செய்வான், அந்த மலைக்கு வேறு வண்டி ஏது.

ஜெயக்கொடி செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. ஏலக்காய்க் களத்தில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு மறுபடி பேசுவார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் வண்டி கிளம்பப்போகிற நேரத்தில், துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல மெத்தென்றாகியும் ஓர் இழை விட்டுப்போகாத தன் அரக்குச் சுங்குடிச் சேலையை மடித்துக் கொண்டுவந்து, புருஷன் தடுப்பதற்குள் பெட்டிக்குள் வைத்து, "தூளிக்கு ஆகும். எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஊரே பார்க்கத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு அந்தச் சேலை தேவைப்படவில்லை. மறுநாளும் இல்லை. பெட்டியில் வைத்து நாள்கணக்காகத் தூங்கின சாமான் அது ஒன்றுதான். சேலையின் மேல் கிரீஸ் படாமல் சடையாண்டி ஒரு பாலிதீன் உறையில் போட்டு வைத்தான், தினமும் காலையில் தொட்டுப் பார்த்தான், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் ஜெயக்கொடி புளிச்சக்கீரை வேண்டும் என்று கேட்டாள், மறுநாள் சாம்பல் வாசம் நன்றாயிருக்கிறது என்றாள், மாயக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடையை அடைத்துவிட்டு ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். சடையாண்டி வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

மாதம் ஏற ஏற அவனுக்குச் சந்தோஷமும் ஏறியது, பயமும் ஏறியது. மலைக்கு வந்துபோகிற செவிலியர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வருகிற வரைக்கும் மேலே வைத்திருக்காதீர்கள், முன்னாலேயே கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சடையாண்டி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தேவை தீர்ந்த சாமானைக்கூட அவன் நம்பத் தயாரில்லை. ஜாக்கியை எடுத்தான்: டயர் போனால்தானே ஜாக்கி. கயிற்றை எடுத்தான்: வண்டி பள்ளத்தில் இறங்கினால்தானே கயிறு. தார்ப்பாயை எடுத்தான், கம்பியை எடுத்தான், பெல்ட்டையும் பிளேட்டையும் எடுத்தான், டார்ச்சை எடுத்தான், முதலுதவிப் பெட்டியில் மிச்சமிருந்த கத்தரிக்கோலையும் புது பிளேடையும்கூட எடுத்தான். எல்லாவற்றையும் வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். கடைசியாகச் சேலையில் கை வைத்தான்.

"அத எடுக்காத" என்றாள் ஜெயக்கொடி.

"ஏன்டி?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா காலிப் பெட்டி ஆயிரும்ல. பாம்போட போகணுமா நான்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது என் புள்ளைக்கு வச்சது மாமா. அது தேவைப்பட்டாத்தான புள்ள. இருக்கட்டும் விடு" என்றாள்.

அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தூளிக்கு வைத்த சேலை தூளிக்குத்தானே தேவைப்படும். குழந்தை பிறக்கும், தூளி கட்டுவோம், அவ்வளவுதான் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், அந்த ஊர்ப் பேச்சையே காலமெல்லாம் பேசுகிறவன், தூளி என்றால் அங்கே இன்னொன்றும் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் மறந்தான் பாருங்கள், அதுதான் விதி.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். துணைக்கு மாயக்கா, சந்தைக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றின ஆட்கள் நான்கு பேர். அந்த வண்டி அதன் ஆயுளில் அப்படி ஓடியதே இல்லை. ஒரு கிறீச் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, ரேடியேட்டர் சூடாகவில்லை, யானைக்கல் வளைவில் எப்போதும் முக்குகிற இன்ஜின் அன்றைக்கு வெண்ணெய் தடவினாற்போல இறங்கியது. "இம்புட்டு நாளும் சாமான் வச்சுத்தான் வண்டியக் கெடுத்திருக்க நீயி" என்று மாயக்கா அவன் முதுகில் தட்டினாள். ஜெயக்கொடி முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, காட்டுப்பூ மணக்கிறது என்றாள். சடையாண்டி வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தான்.

சறுக்குப்பாறை முனை திரும்பினதும் பிரேக்கை மிதித்தான். வண்டி சொன்ன இடத்தில் நின்றது, பிரேக்கும் அன்றைக்கு அப்படி இருந்தது.

முன்னால் பாதை இல்லை.

முந்தின நாள் மழையில் மலை ஒரு தோளை இறக்கிவிட்டிருந்தது. பாதை இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரும், அதற்குக் கீழே வெறும் காற்றும்தான் இருந்தன. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது, எந்தக் கியர்ப் பல்லும் தேயவில்லை, எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. வண்டிக்காகவே யோசித்து யோசித்துப் பெட்டியைக் காலி பண்ணினவன், பாதையை நினைக்கவே இல்லை. பாதைக்கு ஸ்டெப்னி யார் வைத்திருக்கிறார்கள்?

"மேலயே திரும்பிருவோம்" என்றான் சடையாண்டி.

"மாமா" என்றாள் ஜெயக்கொடி. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சீட்டு நனைந்திருந்தது. மாயக்கா முன்பக்கம் எட்டி அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அவள் முகத்திலிருந்த கேலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"மேல கொண்டுபோயி என்னத்தச் செய்ய? புள்ள குறுக்க கெடக்கு. இவள இறக்கித்தான் ஆகணும். ஆட்டுப்பாதை ஒண்ணு பாறையச் சுத்திக் கீழ தோட்டத்து ரோட்டுக்குப் போகும்ல, அங்கவரை ஆம்புலன்ஸ் ஏறும். ஒருத்தன் முன்னால ஓடுங்கடா, சிக்னல் கிடைக்கிற எடத்துல நின்னு போன் அடிங்க. மத்தவன் விழுந்து கெடக்குற மரத்துல நல்ல கம்பா ஒண்ணு ஒடிங்க." பிறகு அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். "தூளி கட்டித் தூக்கிருவோம்."

தூளி. மலைமேல் பிள்ளையைத் தூங்கவைக்கக் கட்டுகிற துணிக்கும் தூளி என்றுதான் பேர். நடக்கமாட்டாத நோயாளியைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து இறக்குகிற துணிக்கும் தூளி என்றுதான் பேர். கீழே போய் உயிர் பிழைக்காதவர்களை மறுபடி மேலே சுமந்து வருவதும் அதே தூளிதான். ஒரே சொல். எல்லோருக்கும் தெரியும், சடையாண்டிக்கும் தெரியும். பெட்டிக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான். "இத எடுக்க விடமாட்டேன்" என்றான்.

"லூசாப்பா நீ?"

"ஒரு சாமானுக்கு ஒரு தேவைதான் மாயக்கா! இவளத் தூக்க இத எடுத்தா, புள்ளைக்கு வச்சது தீர்ந்துபோச்சு. தூளிக்குப் புள்ள இருக்காது." அவன் வேட்டி முடிச்சில் கை வைத்தான். "வேற துணி பாருங்க. வேட்டிய அவுத்துத் தாரேன்."

அவிழ்த்தும் கொடுத்தான். உள்டிரவுசரோடு நின்றான், யாரும் சிரிக்கவில்லை. வேட்டியை இரட்டையாக மடித்துக் கம்பில் கட்டி ஒருத்தன் தொங்கிப் பார்த்தான், நடுவில் கிழிந்தது. எலுமிச்சைச் சாக்குகளைச் சேர்த்துக் கட்டினார்கள், முடிச்சு வழுக்கியது. தார்ப்பாய் இருந்தால் ஒரு நொடியில் ஆகியிருக்கும், கயிறு இருந்தால் அந்தச் சாக்கையே இறுக்கியிருக்கலாம். எல்லாம் பத்திரமாக வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தன.

ஜெயக்கொடி ஒரு வலி போய் இன்னொன்று வருகிற இடைவெளியில் கண்ணைத் திறந்தாள். "எந்திரி மாமா."

"அடியே, புள்ளடி."

"புள்ள என் வயித்துலதான கெடக்கு? என்னைத் தூக்காம அதை மட்டும் எப்பிடித் தூக்குவ?" என்றாள். "நான் வச்ச சேலை. நானே கேக்குறேன். எடு."

அவன் எழுந்தான். பெட்டியைத் திறந்து பாலிதீன் உறையைப் பிரித்தபோது சேலையிலிருந்து வீட்டு வாசம் அடித்தது. இதைத் தேவைப்பட வைக்காதே என்று மலையிடமும், தேவைப்பட வை என்று அதே மூச்சில் அதே மலையிடமும் வேண்டிக்கொண்டு, எதை வேண்டுகிறோம் என்றே தெரியாமல், அவன் அதை இரண்டு கையாலும் நீட்டினான்.

கம்பின் முன்பக்கத்தைச் சடையாண்டி தோளில் வாங்கினான், பின்பக்கத்தை மற்றவர்கள் மாற்றி மாற்றி வாங்கினார்கள், மாயக்கா தூளியைப் பிடித்துக்கொண்டு பாறையை உரசியபடி கூடவே வந்தாள். ஆட்டுப்பாதை ஆட்டுக்குத்தான் பாதை. ஒரு பக்கம் பாறை உரசும், இன்னொரு பக்கம் ஒன்றும் இருக்காது, ஒரு கால் வைக்க இடம் பார்த்துத்தான் அடுத்த கால் எடுக்க வேண்டும். நிற்க முடியாது, இறக்கிவைக்க முடியாது, திரும்ப முடியாது. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. தோளில் இருக்கிற கனம் மட்டும்தான் தெரியும். கம்பு அசைந்தால் அவள் துடிக்கிறாள் என்று தெரிந்துகொண்டான், அசையாவிட்டால் அவனுக்கு நெஞ்சு நின்றது.

"ஜெயக்கொடி!"

"ம்."

"ஜெயக்கொடி!"

"திரும்பிப் பாக்காத மாமா. வழியப் பாரு."

அப்படியே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனான், அவளும் ம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், அந்த ம் ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தது. பிறகு ஒரு பெரிய அலறல், கம்பு அவன் தோளைப் பிய்ப்பதுபோல் உதறியது, மாயக்கா ஏதோ கத்தினாள், "தள்ளுடி, தள்ளு, குறுக்க கெடந்தது திரும்பிருச்சுடி, தலை தெரியுது" என்று அழுதுகொண்டே கத்தினாள், "நிக்காதீங்கடா, நின்னா எல்லாரும் சேந்து போயிருவோம், நடங்க" என்று அதையும் கத்தினாள். சடையாண்டி நடந்தான். உலகத்தில் எந்தத் தகப்பனும் அப்படி நடந்திருக்க மாட்டான், முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் தன் பிள்ளை பிறந்துகொண்டிருக்க, தலையைத் திருப்ப வழியில்லாமல், அடுத்த கல் ஆடுமா ஆடாதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டு.

பிறகு அழுகை கேட்டது. புதுசாக, கோபமாக, யாரையோ திட்டுவதுபோல ஒரு அழுகை.

"பொட்டப்புள்ள!" என்றாள் மாயக்கா. "சேலைக்குள்ளயே பொறந்துருச்சு, அப்பிடியே தூளிக்குள்ள கெடக்கா உன் மக! ஏப்பா, தொப்புள்கொடிய அறுக்கணும், பிளேடு இருக்கா?"

"வீட்டுல இருக்கு" என்றான் சடையாண்டி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். அழுதுகொண்டே நடந்தான்.

அறுக்காமலேயே கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் ஒரே கொடியில் ஒரே துணிக்குள் ஆடிக்கொண்டு வந்தார்கள். தோளில் கனம் குறையவே இல்லை, ஓர் ஆளாக ஏறினதும் இரண்டு ஆளாக இறங்கினதும் ஒரே கனம். அவன் மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிள்ளைதான் அழுதது. மறுபடி கூப்பிட்டான். பிள்ளைதான் அழுதது.

தோட்டத்து ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது, முன்னால் ஓடினவன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். கம்பை இறக்கிவிட்டுத் திரும்பின பிறகுதான் சடையாண்டி பார்த்தான். அரக்குச் சேலை. அதில் எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை. அவள் கண் பாதி திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது, ஒரு கை மட்டும் பிள்ளையின் முதுகில் அசையாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, அவசரமாக உள்ளே போனார். மாயக்கா நடைபாதையில் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து குலதெய்வத்தை மரியாதை இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள். ஷாகுல் பாய் கேள்விப்பட்டு ஓடிவந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு நின்றார், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"சறுக்குப்பாறையில நிக்கிது பாய். வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றான் சடையாண்டி.

அவன் மனசு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சாமானுக்கு ஒரு தேவை. அந்தச் சேலை எந்தத் தூளிக்குத் தேவைப்பட்டது? தாயைச் சுமக்கவா, பிள்ளையைத் தாங்கவா? பிள்ளைக்கென்றால், தாயைச் சுமந்த கணக்கு எதில் சேரும்? தாய்க்கென்றால், பிள்ளைக்கு இனி என்ன இருக்கிறது? கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. பெட்டி மலைமேல் இருந்தது, அது எப்போதுமே பதில் சொன்னதும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு நர்ஸம்மா வெளியே வந்தார். நடுத்தர வயசு, களைத்த முகம், சமவெளிக்காரி. பிள்ளையைச் சுத்தம் பண்ணி, வெள்ளைத் துண்டில் சுற்றி, சடையாண்டியின் கையில் கொடுத்து, பிடிக்கத் தெரியாமல் பிடித்தவனுக்குக் கையை மடக்கிக் காட்டினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை அவன் விரலில் மாட்டினார். உள்ளே அந்தச் சேலை, அலசிப் பிழிந்து, ஈரமாக.

"தூக்கிப் போடத்தான் எடுத்தேன், நல்ல நூல் சேலையா இருந்துச்சு, மனசு வரல" என்றார். "எதுக்கும் இருக்கட்டும்."

தீர்ந்துபோன சேலை, பெட்டியும் இல்லை, மலையும் இல்லை, இங்கே அந்தப் பேச்சுக்கு ஒரு வேலையும் கிடையாது, உலகத்து ஜனம் எல்லாம் சொல்வதுபோல அந்த அம்மாள் பிரியமாகச் சொன்னது, அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. கதவுக்குள் போகப்போனவரின் பின்னால் பிள்ளையோடு ஓடினான்.

"அக்கா! அக்கா, எதுக்குன்னு சொல்லுங்க!"

"என்னது?"

"எதுக்கும்னு சொல்லாதீங்க அக்கா. இன்னதுக்குன்னு சொல்லிருங்க. ஒங்களக் கும்பிடுறேன்."

நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்டிரவுசருக்கு மேல் யாரோ கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டு, தோளில் கம்பு அழுத்திக் கன்றிய தடத்தோடு நிற்கிற அந்த மனுஷனைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, அவன் கையிலிருந்த பையை ஒரு தரம் தொட்டார்.

"புள்ளைக்குத் தொட்டில் கட்டத்தான்யா. அவ எந்திரிச்சு வந்து கட்டுவா. வேற எதுக்கு?"

அவர் உள்ளே போனார், கதவு மறுபடி சாத்திக்கொண்டது. சடையாண்டி அந்தக் கதவுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தான். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் கால் நனைந்தது. பிள்ளை கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் அசைத்தது.

"தொட்டிலுக்காம்" என்று அவன் அதன் காதில் சொன்னான். "கேட்டுக்கிட்டியா? தூளின்னு சொல்லல. தொட்டில்னுதான் சொன்னாங்க."